டில்லியில் வஸந்தம் பிறக்கும் நாள்

வஸந்த பஞ்சமியன்று டில்லியில் மஞ்சள் நிறத்துக்குத் தனி மரியாதை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் குழந்தைகளிலிருந்து பஜனைக்குப் போகும் பாட்டிகள் வரை எல்லோரும் மஞ்சளில் ஏதாவது உடுத்தியிருப்பார்கள். வங்காளிகள் நிறைந்த சித்தரஞ்சன் பார்க்கில் பந்தல் போட்டு ஸரஸ்வதி பூஜை நடக்கும். நமக்கு விஜயதசமி எப்படியோ, அவர்களுக்கு அன்றுதான் குழந்தையின் கையைப் பிடித்து சிலேட்டில் முதல் எழுத்து எழுத வைக்கும் நாள்.

அதே நாளில் நம் அகத்தில் யாராவது பூஜைக்கு உட்கார்ந்து ஸங்கல்பம் செய்தால், வாயில் வருவது வஸந்த ருது அல்ல. 2024-இல் வஸந்த பஞ்சமி பிப்ரவரி 14 அன்று, மாசி மாதத்தில் வந்தது. ஆகவே சிசிர ருது. 2026-இல் ஜனவரி 23 அன்று தை மாதத்திலேயே வந்துவிட்டது. ஆகவே ஹேமந்த ருது. பெயர் வஸந்தம், ஸங்கல்பத்தில் பனிக்காலம்.

இது என்ன பொருத்தம் என்ற கேள்வி, 1974-இல் உத்தியோக நிமித்தமாக டில்லிக்கு வந்த நாள் முதல் எனக்கு உண்டு. பதில் தேடியதில் பஞ்சாங்கத்தில் தொடங்கி ஒரு தர்காவின் முற்றம், ஆண்டாளின் நோன்பு, முனிர்க்கா கிராமத்தின் வயல் என்று பல இடங்களுக்குப் போக நேர்ந்தது. பல ஊர்களிலும் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு அது சுவையாக இருக்கும் என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

பஞ்சாங்கக் கணக்கு

நம்முடைய ஸௌரமான வழக்கில் சித்திரையும் வைகாசியும் வஸந்த ருது. தமிழ் இலக்கண நூலாரும் அவற்றையே இளவேனில் என்றனர். சென்னையிலோ தஞ்சையிலோ வேம்பு பூத்து, மாலையில் கடற்காற்று வரும் சித்திரைக்கு இது ஓரளவு பொருந்தும். டில்லியில் பொருந்தாது. ஏப்ரல் நடுவில் வஸந்த ருது என்று ஸங்கல்பம் சொல்லத் தொடங்குகிறோம். அது முடிவதற்குள் வெளியே 'லூ' என்னும் அனல் காற்று முகத்தில் அறைய ஆரம்பித்துவிடும்.

இதற்கு வானத்திலும் ஒரு காரணம் உண்டு. ஸூர்ய ஸித்தாந்தம் ஸூர்யன் மகரத்தில் நுழைவதிலிருந்து இரண்டிரண்டு ராசிகளாக ருதுக்களைக் கணக்கிடுகிறது. அந்த வரிசையில் மீனமும் மேஷமும் வஸந்தம். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் மேஷ ஸங்க்ரமணமும், பகலும் இரவும் ஸமமாகும் நாளும் ஒன்றாகவே இருந்தன. பூமியின் அச்சு மெதுவாகச் சுழல்வதால் ஏறக்குறைய 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் விலகிக்கொண்டே வந்து, இன்று சுமார் 24 நாள் இடைவெளி ஏற்பட்டிருக்கிறது. ஸமநாள் மார்ச் 20 அல்லது 21-இல் வருகிறது. நம் சித்திரைப் பிறப்போ ஏப்ரல் 14.

இந்த இடைவெளியைப் போக்கவே, விஞ்ஞானி மேக்நாத் ஸாஹா தலைமையில் மத்திய அரசு 1952-இல் ஒரு பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவை அமைத்தது. அதன் செயலாளராக இருந்தவர் என்.ஸி. லாஹிரி. அயனாம்சத்துக்குப் பெயர் கொடுத்தவர் என்ற அளவில் ஜோதிடம் பார்க்கும் அன்பர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். அந்தக் குழுவின் யோசனைப்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய சக நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழிலும் வானொலியிலும் அது இடம்பெற்றதே தவிர, நம் பூஜை அறைக்குள் நுழையவில்லை.

ஸூர்ய ஸித்தாந்தத்தின் வரிசையையே ஸமநாளை ஒட்டி எண்ணிப் பார்த்தால், வஸந்தம் பிப்ரவரி 19 வாக்கில் தொடங்க வேண்டும். மாக மாத சுக்ல பஞ்சமியோ ஜனவரி நான்காம் வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதாவது வஸந்தம் வருவதற்குச் சில நாட்களோ சில வாரங்களோ முன்னதாகவே அதை வரவேற்கிறோம். விருந்தாளி ரயிலிலிருந்து இறங்குமுன் ஸ்டேஷனுக்குப் போய் நிற்பதைப் போன்றது இது.

நாற்பது நாள் வரவேற்பு

வட இந்தியாவில் இந்த வரவேற்பு 40 நாள் நடக்கிறது. மாக சுக்ல பஞ்சமியிலிருந்து பங்குனிப் பௌர்ணமியான ஹோலி வரை எண்ணினால் சரியாக 40 திதிகள். விருந்தாவனத்தில் வஸந்த பஞ்சமியன்றே ஸ்வாமிக்கு குலால் பொடி தூவி ஹோலியைத் தொடங்கிவிடுவார்கள். ஹோலிகையை எரிக்கும் இடத்தில் ஒரு கம்பை நட்டு வைப்பதும் பல ஊர்களில் அன்றுதான். அந்தக் கம்பு பெரும்பாலும் ஆமணக்காக இருக்கும்.

தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு இதைக் கேட்டதும் காமன் பண்டிகை நினைவுக்கு வரும். மாசி மாதத்தில் தெருமுனையில் மேடை போட்டு, ஆமணக்கையும் கரும்பையும் வைக்கோல் பிரியால் சுற்றிக் காமனாக ஊன்றி, பௌர்ணமியை ஒட்டி எரிப்பார்கள். காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து விடிய விடிய லாவணி பாடுவார்கள். இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் இதையே காமன் கூத்தாக எடுத்துச் சென்றார்கள். யமுனைக் கரையிலும் காவிரிக் கரையிலும் குளிர் போகும் காலத்தில் ஒரே செடியை மண்ணில் ஊன்றுகிறார்கள் என்பதைக் கவனித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

இந்த விழாவின் பழமைக்கு ஸம்ஸ்க்ருதத்தில் நல்ல சாட்சி உண்டு. 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹர்ஷவர்த்தனர் இயற்றியதாகக் கொள்ளப்படும் ரத்நாவளி நாடகம் வஸந்தோத்ஸவத்தில்தான் தொடங்குகிறது. நகரத்தார் வண்ணப் பொடி தூவிக் கொண்டாடுகிறார்கள். அரண்மனைத் தோட்டத்தில் அசோக மரத்தடியில் ராணி காமதேவனைப் பூஜிக்கிறாள். ஹர்ஷரின் குலம் ஆண்ட தானேஸ்வரம் டில்லிக்கு வடக்கே, இன்றைய ஹரியாணாவில் இருக்கிறது.

தமிழில் இதைவிட அழகான சாட்சி ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் முதல் பத்துப் பாசுரங்கள் காமதேவனை நோக்கி இருக்கும் நோன்பு. தை மாதத்தில் தரையைத் தூய்மை செய்து மண்டலம் இடுகிறாள். மாசி பிறந்ததும் மெல்லிய வெண்மணலால் தெருவை அழகு செய்கிறாள். விடியுமுன் நீராடி, முள் இல்லாத சுள்ளியைத் தேடி எடுத்துத் தீயில் இடுகிறாள். ஊமத்தம் பூவும் முருக்கம் பூவும் சாத்துகிறாள். பங்குனியில் நோன்பு முதிர்கிறது. வேங்கடவனையே தன்னைச் சேர்ப்பிக்க வேண்டும் என்பதுதான் அவள் வேண்டுதல்.

முருக்கு என்பதற்குப் பலாசு என்றும் கல்யாண முருங்கை என்றும் பொருள் சொல்வார்கள். இரண்டுமே குளிர் முடியும் காலத்தில் செக்கச்செவேலென்று பூப்பவை. ஆக, மார்கழியில் திருப்பாவை சொல்லிவிட்டு ஆண்டாளை நாம் அடுத்த மார்கழி வரை மறந்திருந்தாலும், அவள் தை, மாசி, பங்குனி என்று வஸந்தம் வரும் வழியைத் தரையில் கோலமாகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறாள். வஸந்தத்தை முன்கூட்டியே எதிர்கொள்வது வடக்கத்தி வழக்கம், நம்முடையது அல்ல என்று சொல்வதற்கு இடமில்லை.

தர்காவில் கடுகுப் பூ

டில்லியின் வஸந்தக் கதைகளில் மிகவும் பிரஸித்தமானது ஹஸ்ரத் நிஜாமுதீன் தர்காவுடையது. ஸூஃபி ஞானி நிஜாமுதீன் ஔலியாவும் அவருடைய சீடரான கவி அமீர் குஸ்ருவும் 1325-ஆம் ஆண்டில் சில மாத இடைவெளியில் காலமானவர்கள். இருவர் ஸமாதியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

நிஜாமுதீன் பிரியமாக வளர்த்த ஸஹோதரி மகன் தகியுத்தீன் நூஹ் இளம் வயதில் இறந்துபோனான். குருநாதர் பேச்சையும் சிரிப்பையும் விட்டுவிட்டார். சீடர்கள் என்ன செய்தும் பயனில்லை. ஒருநாள் குஸ்ரு வழியில் கிராமத்துப் பெண்கள் மஞ்சள் உடுத்தி, கடுகுப் பூவை ஏந்திப் பாடிக்கொண்டே கோவிலுக்குப் போவதைக் கண்டார். அது கால்காஜி கோவில் என்று சிலர் சொல்வார்கள். என்ன விசேஷம் என்று கேட்டார். வஸந்தம் வந்துவிட்டது, ஸ்வாமிக்குப் பூ எடுத்துப் போகிறோம் என்றார்கள். குஸ்ருவும் மஞ்சள் உடுத்தி, கடுகுப் பூவைக் கையில் எடுத்துக்கொண்டு, பாடிக்கொண்டே குருவின் முன்னால் போய் நின்றார். நிஜாமுதீன் நெடுநாளைக்குப் பின் புன்னகைத்தார்.

இது தர்காவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. ஆவணம் என்று கொள்ள முடியாது. ஆனால் இந்தக் கதையின் பலத்தில் இன்றும் ஒவ்வோர் ஆண்டும் வஸந்த பஞ்சமியை ஒட்டி கவ்வாலிகள் மஞ்சள் துண்டு அணிந்து, கடுகுப் பூங்கொத்துடன் பாடிக்கொண்டு உள்ளே வருகிறார்கள். ஸமாதியின் மேல் மஞ்சள் பூ குவிகிறது. நான் இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவரின் துக்கத்தைத் தீர்க்க, உபதேசம் எதுவும் சொல்லாமல், வயலில் பூத்ததைக் கொண்டுவந்து காட்டினார்கள் என்பதுதான் இந்தக் கதையில் என்னை ஈர்த்த அம்சம்.

ஆவணமாகக் கிடைப்பது 18-ஆம் நூற்றாண்டிலிருந்து. ஹைதராபாத் நிஜாம் முதலாம் ஆஸஃப் ஜாவின் பரிவாரத்தில் டில்லிக்கு வந்த தர்கா குலி கான் என்பவர் 1738 முதல் 1741 வரை இங்கே தங்கி, தாம் கண்டவற்றைப் பாரஸீகத்தில் எழுதினார். 'முரக்கா-இ-டெஹ்லி' என்று அந்நூலுக்குப் பெயர். வஸந்த விழா அப்போது பல நாள் நடந்திருக்கிறது. பஹாட்கஞ்ச் அருகே உள்ள கதம் ஷரீஃபில் தொடங்கி, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஸமாதிக்கு மக்கள் பூவும் பாட்டுமாகப் போனார்கள். அவர் இங்கே இருந்தபோதுதான் நாதிர் ஷா படையெடுத்து வந்தான். 1739 மார்ச் 22 அன்று, பாரஸீகப் புத்தாண்டான நவ்ரோஸ் ஸமயத்தில், டில்லி மக்களைக் கொன்று குவித்தான். அப்படிப்பட்ட நாட்களையும் தாண்டி வந்த விழா இது.

நவ்ரோஸுக்கு அந்த நிலைப்பு இல்லை. அதுவும் ஸமநாளில் வரும் வஸந்த விழாதான். அக்பர் 1584-இல் ஏற்படுத்திய இலாஹி ஆண்டு அதில்தான் தொடங்கியது. அரண்மனையில் ஆடம்பரமாக நடந்தது. ஔரங்கஸீப் அதை நிறுத்தினார். அரசன் தொடங்கிய விழாவை இன்னோர் அரசன் நிறுத்த முடிந்தது. கடுகு வயலைப் பார்த்துத் தொடங்கிய விழாவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

மரமும் பறவையும் சொல்லும் பஞ்சாங்கம்

டில்லிக்குப் புதிதாக வரும் நம்மவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று. இங்கே இலையுதிர்வும் தளிர்ப்பும் கிட்டத்தட்ட ஒரே மாதத்தில் நடக்கும். பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் வேம்பும் அரசும் இலையைக் கொட்டிவிட்டு, உடனே செம்புநிறத் தளிர் விடும். வரப்போகும் வறட்சிக்கு முன்னால் பழைய இலையைக் கழித்துவிடுவது இந்த வறண்ட பிரதேசத்து மரங்களின் ஸ்வபாவம்.

வரிசையாகக் கவனித்தால் இது ஒரு பஞ்சாங்கம். முதலில் கடுகு. அக்டோபரில் விதைத்து, டிஸம்பரிலிருந்து பூக்கத் தொடங்கி, வஸந்த பஞ்சமிக்குள் வயல் முழுதும் மஞ்சளாகிவிடும். அதே வாரங்களில், தட்டான் சுத்தியலால் தட்டுவதுபோல 'டுக் டுக்' என்று குக்குறுவான் பறவை கூவ ஆரம்பிக்கும். பிறகு மந்தாரை. அதன்பின் ஒரு இலைகூட இல்லாமல் உள்ளங்கை அகலச் சிவப்புப் பூக்களுடன் முள்ளிலவம். அதன் தேனுக்காகக் காக்கை, மைனா எல்லாம் கூடும். மத்திய ஆசியாவுக்குத் திரும்பிப் போகும் வழியில் சூறைக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கும். கடைசியில் பலாசு. அது பூத்தால் ஹோலி வந்துவிட்டது என்று பொருள். பழைய நாளில் ஹோலிக்குச் சாயம் காய்ச்சியது அந்தப் பூவில்தான்.

இவற்றைக் கவனித்து எழுதி வைத்தவர்களும் இந்த நகரத்தில் உண்டு. காந்திஜியின் நண்பரான ஆங்கிலேயர் ஹோரஸ் அலெக்ஸாண்டர் 1950-இல் இங்கே பறவை காண்போர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். உஷா கங்கூலியின் டில்லிப் பறவைகள் பற்றிய நூல் 1975-இலும், ப்ரதீப் க்ருஷனின் டில்லி மரங்கள் பற்றிய நூல் 2006-இலும் வெளிவந்தன.

வயல் இருந்த இடம்

1970-களில் எங்கள் குவார்ட்டர்ஸ் ராமகிருஷ்ணபுரத்தில். பக்கத்தில் இருந்த பஞ்சாபி அம்மாள் வஸந்த பஞ்சமியன்று குங்குமப்பூ போட்ட மஞ்சள் தித்திப்புச் சாதம் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவார். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று என் மனைவி சர்க்கரைப் பொங்கல் வைத்து அனுப்புவாள். அந்த நாளில் விமான நிலையம் போகும் வழியில், மஹிபால்பூர் பக்கம், சாலையோரத்திலேயே கடுகு வயல் இருந்தது. பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கலாம்.

ராமகிருஷ்ணபுரமே முனிர்க்கா, முஹம்மத்பூர் முதலிய கிராமங்களின் நிலத்தை எடுத்துக் கட்டியதுதான். மத்திய அரசு ஊழியர்களாக வந்த நம் குடும்பங்கள் பலவும் குடியிருந்தது அந்த வயல்களின் மேல். நாம் நம் முருகனுக்கு அங்கே குன்றின் மேல் ஸ்வாமிநாத ஸ்வாமி கோவில் எழுப்பி 1973-இல் கும்பாபிஷேகமும் செய்தோம். அந்தக் குன்றின் பாறைதான் அந்த இடத்தின் பழைய முகத்தை இன்னும் காட்டுகிறது. சுற்றியிருந்த நிலமெல்லாம் கட்டிடம். வஸந்த் விஹார், வஸந்த் குஞ்ச் என்று காலனிகளின் பெயரில் வஸந்தம் தங்கிவிட்டது. தர்காவுக்குப் போகும் கடுகுப் பூவையும் இன்று பக்கத்து வயலில் பறிக்க முடியாது, வெளியிலிருந்துதான் வரவேண்டும். மலைத்தொடரின் டில்லிப் பகுதியில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் நட்ட சீமைக் கருவேலம் பரவி உள்ளூர் மரங்களை நெருக்கிவிட்டது. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காலமும் சுருங்குகிறது. 2022 மார்ச் மாதம், 1901-இலிருந்து பதிவான மார்ச் மாதங்களிலேயே நாட்டில் மிக வெப்பமானது. கோதுமை மணி பிடிக்கும் தருணத்தில் வந்த அந்த வெயிலால் விளைச்சல் குறைந்து, அந்த மே மாதம் கோதுமை ஏற்றுமதியையே அரசு தடை செய்தது. 2023 பிப்ரவரியும், பகல் வெப்பத்தில் அதுவரை பதிவான பிப்ரவரிகளை எல்லாம் மிஞ்சியது. ஸ்வெட்டரை எடுத்து வைப்பதற்கும் கூலரை இறக்குவதற்கும் இடையே இருந்த அந்தச் சில வாரங்கள்தான் டில்லியின் வஸந்தம். அவை கழியக் கழிய, 40 நாள் வரவேற்பு இருக்கும், வரவேற்கப்பட வேண்டியவர் வந்து உடனே போய்விடுவார்.

நாம் செய்யக் கூடியது

ஸங்கல்பத்தை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது பெரியோர்களும் வாத்தியார்களும் தீர்மானிக்க வேண்டிய விஷயம். ஆனால் ஸங்கல்பம் என்பதே, எந்த இடத்தில், எந்தக் காலத்தில் நிற்கிறேன் என்று அறிவித்துவிட்டுக் கர்மாவைத் தொடங்குவது. மேருவுக்கு எந்தப் பக்கம் என்பது வரை சொல்கிறோம். அப்படிச் சொல்பவர் வாசலில் என்ன பூத்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் ஸங்கல்பத்துக்குக் குறைவு வராது.

அதர்வ வேதத்தின் 12-ஆம் காண்டத்தில் பூமி ஸூக்தம் என்று 63 மந்த்ரங்கள் இருக்கின்றன. அதில் ஆறு ருதுக்களும் பூமியைச் சேர்ந்தவையாகச் சொல்லப்படுகின்றன. க்ரீஷ்மத்தில் தொடங்கி வஸந்தத்தில் முடியும் வரிசை அது. ருது என்பது பஞ்சாங்கத்தின் உடைமை அல்ல, பூமியின் உடைமை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. காலையில் படுக்கையை விட்டு எழுந்து கால் வைக்குமுன் பூமாதேவியிடம் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பது நம் அகங்களில் பாட்டிகள் கற்றுக்கொடுத்த வழக்கம். அதோடு சேர்த்துச் செய்யக் கூடியவை எளியவை. தை பிறந்ததும் வாசல் மண்ணைச் சுத்தம் செய்யலாம். மண்ணே இல்லாத அடுக்குமாடியில் ஒரு தொட்டியில் ஒரு பிடி கடுகைத் தூவலாம். அக்டோபர் கடைசியில் தூவினால் வஸந்த பஞ்சமிக்குப் பூ நிச்சயம். எங்கள் பால்கனியில் ஆறு ஆண்டுகளாக அப்படித்தான் பூக்கிறது, அன்றைய பூஜைக்கு அந்தப் பூதான். முதல் குக்குறுவான் கூவிய தேதியையும் முதல் இலவம் பூ விழுந்த தேதியையும் பஞ்சாங்கத்தின் ஓரத்திலேயே பென்ஸிலால் குறித்து வைக்கலாம். பேரக்குழந்தைகள் இதில் நம்மைவிட வேகமாக இருப்பார்கள்.

மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் அங்கத்தினர்கள், அவரவர் ஊரில் குளிர் போவதை முதலில் சொல்லும் மரமோ பறவையோ எது என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால், அடுத்த தை இதழில் ஊர் வாரியாகத் தொகுத்துத் தர நான் தயாராக இருக்கிறேன்.